மீனில் பிழையில்லை

கதிரவேலைப் பார்த்த எல்லோரும் பிள்ளைக்கு நல்லாய் உடம்பு வைத்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். மூன்று வயது நிரம்பாத பிள்ளை. முகம் வட்டமாக உப்பியிருந்தது. கால்கள் இரண்டும் மொழுமொழுவென்று இருந்தன. அழுகை, அடம் ஒன்றும் கிடையாது. இருத்திய இடத்தில் இருத்தியபடி இருப்பான். வாயோரத்தில் ஈ மொய்த்தாலும் கையைத் தூக்கி விரட்டமாட்டான். சாதுவான பிள்ளை என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள்.

மருத்துவிச்சி கோணேஸ்வரி அவனுடைய புறங்காலில் பெருவிரலை வைத்து அழுத்தி, கொஞ்சம் பொறுத்து எடுத்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. தலைமயிரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்புப் போய்ச் செம்பட்டை பாய்ந்திருந்தது. தொடையில் தோல் திட்டுத் திட்டாக உரிந்து, கீழே பச்சைப் புண்ணாகத் தெரிந்தது.

"என்ன சாப்பிடுறவன்?"

"கிழங்குதான் மிஸ்ஸி. மரவள்ளி அவிச்சுக் குடுப்பன். தேத்தண்ணி குடிப்பான். கூப்பன் அரிசி வந்தால் கஞ்சி." தாய் யோகம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தன் வயிற்றை மூடிக்கொண்டாள். ஐந்து மாதம். "இது தங்கினதோட பாலை மறக்கப்பண்ணிப்போட்டன்."

அடுத்தது வயிற்றில் வந்ததால் பால் இழந்து வாடும் பிள்ளையைச் சவலை என்று சொல்வது புளியடித்துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சவலை என்றால் எலும்பும் தோலுமாக இருக்கும் என்றே நினைத்திருந்தார்கள். வீங்கிய பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல் யாருடைய வாயிலும் வரவில்லை.

புளியடித்துறை குச்சவெளிக்கு வடக்கே, கடலுக்கும் களப்பு என்ற உப்புநீர் ஏரிக்கும் நடுவில் கிடந்த சின்ன ஊர். பிள்ளையார் கோயிலைச் சுற்றி முப்பது குடி, பள்ளிவாசலைச் சுற்றி இருபது குடி. அந்த வருடம் வருசப்பிறப்புக்குச் சில நாள் முந்தித்தான் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டிருந்தான். கோணேஸ்வரியின் தாயும் தம்பிமாரும் பட்டினத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்கள். அரசாங்க உத்தியோகம் என்று அவள் மட்டும் நின்றாள். வைகாசியில் அவளைக் குச்சவெளிப் பக்கத்துக்கு மாற்றினார்கள். இருபத்தொன்பது வயது. ஒரு தோல்பை, ஒரு தொங்குதராசு, ஒரு குடை. இவற்றோடு ஆறு ஊர்களை அவள் நடந்தே பார்த்தாள்.

யுத்தம் ஊருக்குள் குண்டாக வரவில்லை. பர்மா விழுந்ததோடு அரிசிக் கப்பல் நின்றது. துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் ஆள் வேண்டும் என்று லொறி வந்து நின்றது. கரைவலை ஒன்றை இழுக்க முப்பது நாற்பது ஆம்பிளைகள் வேண்டும். அவர்கள் எல்லாரும் லொறியில் ஏறிவிட்டார்கள். வலை கடற்கரை வாடிக் குடிசைக்குள் மடித்தபடி கிடந்தது. மிஞ்சி நின்ற சிலர் பிடித்த மீனும் முகாம்களுக்குச் சாமான் கொடுக்கிறவனின் ஐஸ் பெட்டிக்குள் போனது. அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் படுத்தெழும்பிய பிள்ளைகள் கிழங்கைத் தின்று தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

கோணேஸ்வரியின் பையில் மூன்று டின்பால் இருந்தன. அவள் மூன்றையும் யோகம்மாவின் கையில் கொடுத்தாள்.

"தடிப்பாக் கரைச்சுக் குடுங்கோ. மீன், முட்டை எது கிடைச்சாலும் குடுங்கோ. வயிறு நிரம்பக் குடுங்கோ. அவன் வேண்டாம் எண்டாலும் விடாதேங்கோ."

அப்படிச் சொல்லும்போது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. அலைந்து திரிந்த இந்த ஆறு மாதத்தில் கைநிறையக் கொடுக்க எதுவும் இருந்ததில்லை. யோகம்மா அன்றைக்கே களப்பில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கைவலை போட்டு மீன் பிடித்தாள். பிடித்ததில் ஒன்றையும் விற்கவில்லை. பிள்ளையை மடியில் கிடத்தி, கதை சொல்லி, கன்னத்தைப் பிடித்து ஊட்டினாள்.

மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு பிரசவம். கால் முன்னுக்கு வந்த பிள்ளை. கோணேஸ்வரி இரண்டு நாள் அங்கேயே நிற்க வேண்டி வந்தது. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்ற நிம்மதியோடு மூன்றாம் நாள் மத்தியானம் புளியடித்துறைக்குத் திரும்பினாள். யோகம்மாவின் படலைக்கு முன்னால் சனம் நின்றது.

கதிரவேலுக்கு வயிற்றால் போகத் தொடங்கி, சத்தி எடுத்து, உடம்பு சில்லிட்டு, விடியப்புறம் முடிந்துவிட்டிருந்தது. மெலிந்து போகாமலே, அந்த வட்ட முகத்தோடேயே கிடந்தான்.

யோகம்மா கோணேஸ்வரியைக் கண்டதும் அழவில்லை. கணக்கு ஒப்புவிப்பவள் போலச் சொன்னாள்: "நீங்கள் சொன்னபடிதான் குடுத்தனான் மிஸ்ஸி. முதல் நாள் நாலு தரம் பால். பிறகு சோறும் குழம்பும். பின்னேரம் ஒரு கீளி மீன் சுட்டனான். ஆசையாப் பாத்தமாதிரி இருந்திச்சு. முழுமீனையும் நானா உதிர்த்துக் குடுத்துப்போட்டன். பாலுக்கு மேல மீனைக் குடுத்திட்டன். அதிலதான் எல்லாம் பிழைச்சது."

பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "பாலும் மீனும் ஒரு வயித்துக்க சேர்ந்தால் நஞ்செல்லோ" என்றாள்.

கோணேஸ்வரி வாயைத் திறந்தாள். ஆனால் என்ன சொல்வது என்று அவளுக்கு அந்த நேரம் தெரியவில்லை. பாலும் மீனும் சேர்வதால் யாரும் சாவதில்லை என்பது தெரியும். பிறகு எதனால் செத்தான்? அது தெரியாது. தெரியாததைச் சொல்ல முடியாமல் பேசாமல் நின்றாள். அந்தப் பேசாமை சம்மதம் போலப் போய்விட்டது.

குச்சவெளி மருந்துச்சாலைக்கு வாரம் இரண்டு நாள் வரும் அப்போதிக்கரி கனகசபை புத்தகத்தில் 'வயிற்றோட்டம்' என்று எழுதினார். "இந்த வருசம் எத்தினை பிள்ளையள் இப்பிடிப் போட்டுதுகள். நீங்கள் மனதில வைச்சுக்கொண்டிருக்காதேங்கோ" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தை ஒரு சொட்டு சிந்தாமல் அளந்து கொடுக்கிறவர்.

அடுத்த வாரம் கோணேஸ்வரி பஸ் ஏறிப் பட்டினத்துக்குப் போனாள். வழியில் இரண்டு இடத்தில் பட்டாளத்துக்காரர் நிறுத்தி, கூடைகளைக் கிளறிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, நித்திரை முழித்துக் கண் சிவந்திருந்த ஒரு டொக்டரைப் பிடித்தாள். அவளுடைய வயதுதான் இருக்கும். நின்றபடியே கேட்டார். காலில் விழுந்த குழி, மயிர், தோல், டின்பால் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டபோது அதையும் சொன்னாள்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்களுக்கும் இது முழுசா விளங்கேல்லை. ஆனால் ஒண்டு கண்டிருக்கிறன். கன நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக் குடுத்தால் அது தாங்காது. குடல் தாங்காது, இருதயமும் தாங்காது. முதல் கிழமை சாப்பாட்டைச் சாப்பாடா நினையாதேங்கோ, மருந்தா நினையுங்கோ. தண்ணி விட்டு ஐதாக்கின பால், கொஞ்சம் சீனி. கரண்டிக் கணக்கு. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ராவிலயும். உடம்பு குளிராமப் பாருங்கோ. பசி எண்டு பிள்ளையாக் கேட்டு அழத் தொடங்கினாப் பிறகுதான் கூட்டலாம். அதுக்குப் பிறகு மீன், முட்டை, பயறு எல்லாம் வேணும். அது இல்லாட்டித் திரும்பவும் வீங்கும்."

"அப்ப நான் குடுக்கச் சொன்னதுதான்..."

அவர் அவளைப் பார்த்தார். "நீங்கள் குடுக்காட்டியும் அந்தப் பிள்ளை தப்பியிருக்கும் எண்டு சொல்ல ஏலாது" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட எழும்பிப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் இருந்தாள். நிலாவெளியும் அதன் உப்பளங்களும் கடந்து போனது அவள் கண்ணில் படவில்லை. வேண்டாம் என்றாலும் விடாதேங்கோ என்று தான் சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியிருப்பான். பிள்ளைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை.

இதைக் கனகசபையிடம் சொன்னபோது அவர் மருந்துப் போத்தலைத் துடைப்பதை நிறுத்தினார்.

"இதை வேற ஆரிட்டையும் சொன்னனீங்களோ?"

"இல்லை. யோகம்மாவிட்டைச் சொல்லோணும்."

"சொல்லி என்ன பிரயோசனம் பிள்ளை? செத்தது எழும்பி வரப்போகுதோ? உங்கட உத்தியோகம் போகும். உங்களுக்குப் பதிலா இந்தக் காட்டுக்க ஆர் வரப்போகினம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோணேஸ்வரி மூன்று வாரம் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

மூன்று வாரத்தில் புளியடித்துறையில் வேறொன்று நடந்தது. புதன்கிழமைகளில் தாய்மார் வாகைமரத்தடிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். அவள் தராசில் துணித்தொட்டிலைக் கொழுவி நிறுப்பாள். அன்றைக்கு முதல் தாய் சொன்னாள்: "மீன் குடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டன் மிஸ்ஸி. யோகம்மாட பிள்ளைக்கு நடந்தது தெரியுந்தானே." இரண்டாமவளும் அதையே சொன்னாள். நாலாவது ஆள் நபீஸா. பள்ளிவாசல் பக்கம். தனக்குக் காய்ச்சல் என்று மருந்து கேட்டு வந்தவள், இடுப்பில் இரண்டரை வயது மகள் பரீனாவை வைத்திருந்தாள். பரீனாவின் கால்களும் மொழுமொழுவென்று இருப்பதைக் கண்டு கோணேஸ்வரி குனிந்தாள். விரலை வைத்தாள். குழி விழுந்தது.

"இவளுக்கு என்ன குடுக்கிறீங்கள்?"

"மீன் தொட விடல்ல மிஸ்ஸி" என்றாள் நபீஸா அவசரமாக. "சத்தியமா ஒரு துண்டு குடுக்கல்ல. கெழங்கும் தேத்தண்ணியும்தான்."

தான் நல்லது செய்ததாக நினைத்து அவள் அதைச் சொன்னாள்.

யோகம்மா மரத்தடிக்கு வரவில்லை. அவள் களப்புக்குப் போவதையும் விட்டுவிட்டாள் என்றும், மீனைக் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றவள் என்று கிணற்றடியில் கதை போகிறது என்றும் சொன்னார்கள்.

அன்று பின்னேரமே கோணேஸ்வரி அவள் வீட்டுக்குப் போனாள். யோகம்மா முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். கோணேஸ்வரி மண்ணில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்து போய்விட்டது.

"யோகம்மா, மீனில பிழையில்லை."

யோகம்மா கையை நிறுத்தினாள்.

"பாலிலயும் பிழையில்லை. நான் குடுக்கச் சொன்ன அளவுதான் பிழை. அவ்வளவு வாடின பிள்ளைக்கு முதல்ல கரண்டிக் கணக்கிலதான் குடுக்கோணும். எனக்கு அது தெரியாது. தெரியாமச் சொல்லிப்போட்டன். பட்டினத்துக்குப் போய்க் கேட்டுத்தான் அறிஞ்சனான். அறிஞ்சும் மூண்டு கிழமை உங்களிட்டைச் சொல்லாம இருந்தனான்."

"அப்ப மீன் இல்லையோ?"

"மீன் இல்லை."

"நான் இல்லையோ?"

"நீங்கள் இல்லை."

யோகம்மா ஓலையைக் கீழே வைத்தாள். செத்த வீட்டிலும் அழாதவள் இப்போது சத்தம் வராமல், வாயைத் திறந்தபடி அழுதாள். கோணேஸ்வரி கையை நீட்டினாள். யோகம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எழும்பிப் போங்கோ மிஸ்ஸி. இண்டைக்கு இந்த வளவுக்க நிக்காதேங்கோ."

கோணேஸ்வரி எழும்பிப் போனாள்.

அடுத்த புதன்கிழமை வாகைமரத்தடியில் பன்னிரண்டு தாய்மார் இருந்தார்கள். தராசைக் கொழுவுவதற்கு முன்னால் அவர்களுக்கும் அதையே சொன்னாள். யோகம்மாவிடம் சொன்ன அதே சொற்கள்தான். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். பின்னால் இன்னும் எட்டுப் பேர் எழும்பினார்கள். "இவவை நம்பியே பிள்ளையைக் குடுத்தனாங்கள்" என்று யாரோ போகிற போக்கில் சொன்னது கேட்டது. அன்றைக்கு மூன்று பிள்ளைகளைத்தான் அவளால் நிறுக்க முடிந்தது.

அவள் தராசைக் கழற்றிப் பைக்குள் வைக்கும்போது நபீஸா திரும்பி வந்தாள். வெயிலில் வேகமாக நடந்து வந்து மூச்சு வாங்கியது. பரீனா அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள்.

"மிஸ்ஸி, நீங்க வாய மூடிட்டு இரிந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிரிக்காது. ஏன் சென்னீங்க?"

"நீங்கள் மீனை நிப்பாட்டினதாலதான்."

நபீஸா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "பிழைய ஒத்துக்கிற ஆள் இன்னொருக்கா அந்தப் பிழைய விடமாட்டா எண்டு என்ட மனசு செல்லுது. இந்தப் புள்ளைக்கு என்ன செய்யணும், செல்லுங்க. ஆனா ஒண்டு. செல்லிட்டுப் போயிரக் கூடாது. பக்கத்தில நிக்கணும்."

"நிக்கிறன்" என்றாள் கோணேஸ்வரி.

அப்படித்தான் மார்கழி முதல் வாரம் அவள் நபீஸாவின் குசினி அடுப்படிக்குள் குடிவந்தவள் போலானாள். பக்கத்து வளவில் ஆமினா உம்மாவிடம் பால் கறக்கும் ஆடு ஒன்று இருந்தது. கொதிக்க வைத்த ஆட்டுப்பாலில் அதே அளவு தண்ணீர், கொஞ்சம் சீனி. அரைச் சிரட்டைக்கும் குறைவு. கரண்டியால் ஒவ்வொரு வாயாக. நிழலைப் பார்த்து நேரம் வைத்தார்கள். மழை இருட்டில் நிழல் தெரியாதபோது பாங்குச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கணித்தார்கள். இரவில் தாயும் மருத்துவிச்சியும் முறை வைத்து எழும்பினார்கள். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துச் சாக்கும் சேலையுமாகச் சுற்றி வைத்தார்கள். முகத்தைத் திருப்பினால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். சற்றுப் பொறுத்து மறுபடி நீட்ட வேண்டும். இது கோணேஸ்வரியின் கட்டளை.

"இவ்வளவு பால் இரிக்கி, புள்ளைக்குக் குடுக்காமப் பானைக்க வெச்சிட்டு இரிக்கிறது பெரிய பாவமாத் தெரியுது" என்றாள் நபீஸா இரண்டாம் நாள்.

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு" என்றாள் கோணேஸ்வரி.

ஐந்தாம் நாள் பரீனா நிறைய மூத்திரம் பெய்தாள். ஆறாம் நாளும் அப்படியே. வீக்கம் இறங்கத் தொடங்கியது. கோணேஸ்வரிக்கு உள்ளுக்குள் தெம்பு வந்தது. ஆனால் நபீஸாவின் கண்ணுக்கு நடந்தது வேறு. வட்ட முகம் ஒட்டியது. கொழுகொழுக் கால் இரண்டு குச்சியாயிற்று. விலா எலும்பை எண்ணலாம். துணித்தொட்டிலில் போட்டு நிறுத்தபோது முன்னையைவிட இரண்டு றாத்தல் குறைந்திருந்தது.

"இதுதான் மெய்யான உடம்பு" என்றாள் கோணேஸ்வரி. "முந்தி இருந்தது தண்ணி. உள்ளுக்க பிள்ளை இவ்வளவுதான் இருந்தவள்."

நபீஸா தலையை ஆட்டினாள். நம்பினாளோ இல்லையோ, கரண்டியை விடவில்லை.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. நபீஸாவின் புருஷன் அபூதாஹிர் சீனக்குடாவிலிருந்து வந்தான். மாதத்துக்கு ஒருமுறைதான் லீவு. மழையில் நனைந்து, இரண்டு டின்பாலும் ஒரு பிஸ்கட் பெட்டியும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவன், பாயில் கிடந்த மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ட புள்ளைய என்ன செஞ்சி வெச்சிரிக்கீங்க?"

நபீஸா சொல்லத் தொடங்கினாள். அவன் கேட்கவில்லை. "நான் போகக்க புள்ளைக்குச் சதை இரிந்திச்சி. இப்ப மய்யித்து மாதிரிக் கெடக்கு. கரண்டியால ஊத்துறீங்களா? பட்டினி போட்டுக் கொல்றீங்களா?" டின்னில் ஓட்டை போட அரிவாளை எடுத்தான்.

நபீஸா எழும்பி அவனுக்கும் பாய்க்கும் நடுவில் வந்தாள். அதுவரை புருஷனுக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள். "அத அங்க வைங்க. ஒருத்தி புள்ளைய அப்பிடித்தான் பறிகுடுத்திட்டு இரிக்கிறா. நான் ஏழு ராவு கண் மூடல்ல. நீங்க ஒரு நிமிசத்தில கெடுத்திராதீங்க."

அபூதாஹிர் கோணேஸ்வரியின் பக்கம் திரும்பினான். "மிஸ்ஸி, நீங்க செல்லுங்க. என்ட புள்ள பொழைக்குமா?"

அவனுக்குத் தேவைப்பட்ட பதில் எது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

"தெரியாது தம்பி. ஆனால் வீக்கம் போனது நல்லதுக்குத்தான். வயித்தாலயும் போகேல்லை. கை கால் சூடா இருக்கு. நான் இவ்வளவுதான் சொல்லலாம். ஒரு கிழமை பொறுங்கோ."

அவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, நனைந்த உடம்போடு பாயோரத்தில் குந்தினான். பால் நேரம் வந்தது. நபீஸா பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, கோணேஸ்வரி கரண்டியை எடுத்தாள். பரீனா விழுங்கினாள். சிரட்டை வெறுமையானது. கோணேஸ்வரி கரண்டியை எடுத்துக் கழுவப் போகும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கம்மிய, கிழிந்த, கோபமான சத்தம். பரீனா அழுதாள். கரண்டி போன திசையைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, கையை நீட்டி அழுதாள்.

"அழுறாளே, அழுறாளே" என்று அபூதாஹிர் பதறினான்.

"அழட்டும்" என்றாள் கோணேஸ்வரி. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "இந்த அழுகைக்குத்தான் நாங்கள் காத்துக்கொண்டிருந்தனாங்கள். பசிக்குது எண்டு சொல்றாள்."

அதிலிருந்து அளவைக் கூட்டினாள். தண்ணீரைக் குறைத்தாள். பயறு வறுத்து அரிசியோடு இடித்துக் கஞ்சி வைத்தார்கள். முருங்கையிலையை மசித்துக் கலந்தார்கள். அபூதாஹிர் கொண்டுவந்த பிஸ்கட்டை இரண்டாம் வாரம் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். இனி மீன் வேண்டும். ஆனால் வாடைக்காற்று அடித்துக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. களப்பில் இறங்கி மீன் பிடிக்கத் தெரிந்த பெண் ஊரிலேயே ஒருத்திதான். அவளிடம் போய்க் கேட்கக் கோணேஸ்வரிக்கு முகம் இல்லை.

கேட்க வேண்டி வரவில்லை. தை பிறந்து மூன்றாம் நாள் காலையில் யோகம்மா வேலியோரம் வந்து நின்றாள். வயிறு பெரிதாகியிருந்தது. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் பனையோலைப் பெட்டி. ஊர் முழுக்கப் பரீனாவின் கதை பரவியிருந்தது. அவளுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"நபீஸாக்கா."

நபீஸா வெளியே ஓடினாள்.

"சின்ன மீன். ரெண்டு நாள் அடுப்புக்கு மேல காய வைச்சனான். தலையைக் கிள்ளிப்போட்டு, வறுத்து இடியுங்கோ. முள்ளு இல்லாம மாவா வரும். கஞ்சிக்க ஒரு கரண்டி போடுங்கோ." பெட்டியைக் கொடுத்துவிட்டும் அவள் போகவில்லை. "பிள்ளையை ஒருக்காப் பாக்கலாமோ?"

நபீஸா பரீனாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யோகம்மா பிள்ளையின் காலைக் கையில் எடுத்து, புறங்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். குழி இல்லை. பரீனா காலை உதறி இழுத்துக்கொண்டாள். யோகம்மா கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். குசினி வாசலில் நின்ற கோணேஸ்வரியை அவள் பார்க்கவில்லை. கண்டும் பாராமல் போனாளோ தெரியாது.

ஆனால் அவள் மறுபடி களப்பில் இறங்கிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு பெட்டி மீன்மா வாகைமரத்தடிக்கு வரும். அவளாகக் கொண்டுவர மாட்டாள், யாரிடமாவது கொடுத்துவிடுவாள். எழும்பிப் போன தாய்மார் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். எல்லோரும் அல்ல. ஒருத்தி கடைசிவரை வரவில்லை. மாசி மாதத்துக்குள் ஏழு பிள்ளைகளைக் கரண்டிக் கணக்கில் பார்த்தார்கள். ஆறு பேர் தேறினார்கள். ஒரு ஆண்பிள்ளை, காய்ச்சலும் சேர்ந்து பிடித்ததில், நாலாம் நாள் போய்விட்டது. கோணேஸ்வரி அந்த வீட்டிலும் உட்கார்ந்து, செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் தாய்க்குச் சொல்லிவிட்டுத்தான் எழும்பினாள். கனகசபை அந்த மாதப் புத்தகத்தில் 'வயிற்றோட்டம்' என்று எழுதவில்லை. பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன எழுத?" என்று அவளிடம் கேட்டார். "பட்டினி எண்டு எழுதுங்கோ" என்றாள். அவர் சற்றுத் தயங்கி அப்படியே எழுதினார். மேலிடத்திலிருந்து அதைப் பற்றிக் கேள்வி எதுவும் வரவில்லை.

பங்குனி நடுவில் ஒரு நாள் விடிந்த பிறகு யோகம்மாவின் புருஷன் ஓடிவந்தான். அவன் பிரசவத்துக்கென்று துறைமுகத்திலிருந்து வந்திருந்தான். "உங்களைத்தான் வரட்டாம்" என்றான்.

பிரசவம் லேசாக நடந்தது. பெண்பிள்ளை. யோகம்மா வலியில் அவள் கையைப் பிடித்தாள். மற்றபடி எல்லா நேரமும் முகத்தை மற்றப் பக்கம் வைத்திருந்தாள். கொடியறுத்து, குளிப்பாட்டி, பிள்ளையை அவள் நெஞ்சில் வைத்துவிட்டு, கோணேஸ்வரி சட்டி பானையை ஒதுக்கிக்கொண்டு எழும்பப் போனாள்.

"மிஸ்ஸி."

நாலு மாதத்துக்குப் பிறகு முதல்தரம் அவள் அப்படிக் கூப்பிட்டாள்.

"நான் உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ. அது எனக்கு ஏலுதில்லை. சில நாள் ஏலுது, சில நாள் ஏலுதில்லை."

"ஓம்" என்றாள் கோணேஸ்வரி.

"ஆனால் இந்தப் பிள்ளைக்கு எப்ப என்ன குடுக்கோணும் எண்டு எனக்குச் சொல்லித்தாங்கோ. பால் எத்தினை மாதம், கஞ்சி எப்ப, மீன் எப்ப, எல்லாம். சும்மா குடு எண்டு சொன்னால் காணாது. ஏன் எண்டும் சொல்லோணும். எனக்கு விளங்கினால்தான் குடுப்பன்."

கோணேஸ்வரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பாயோரத்தில் உட்கார்ந்தாள். வெளியே புருஷன் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் புகை வந்தது. இன்றைக்கு வரும் முதல் பாலிலிருந்து அவள் தொடங்கினாள். யோகம்மா கண்ணை மூடிக் கேட்டாள். இடையில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். அடுத்தது வயிற்றில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். பாலை மறக்க வைத்தாலும் அந்த இடத்துக்கு வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டாள். சில கேள்விகளுக்குக் கோணேஸ்வரியிடம் பதில் இருந்தது. சிலதுக்கு, "அது எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றன்" என்றாள். யோகம்மா அதற்கும் தலையாட்டினாள். பிள்ளை பால் குடித்தபடியே நித்திரையாகிவிட்டது.